எண்ணிக்கை குறைவு, உருவம் பெரிது: மகளின் பிளேட்லெட்டுக்கு என்ன ஆயிற்று?

கேள்வி:

என் மகளுக்கு இப்போது 13 வயது. ஐந்து வயதில் காய்ச்சலுக்காக ரத்தப் பரிசோதனை செய்தபோது பிளேட்லெட் 70 ஆயிரம் என்று வந்தது. டெங்குவாக இருக்குமோ என்று பயந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காய்ச்சல் போய்விட்டது, பிளேட்லெட் ஏறவில்லை. பிறகு ஐ.டி.பி. என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். முகம் ஊதியது, எடை கூடியது. எண்ணிக்கை மட்டும் 60 ஆயிரத்துக்கும் 80 ஆயிரத்துக்கும் நடுவிலேயே நிற்கிறது. எப்போதாவது காலில் கன்றிப்போகும். மற்றபடி ரத்தப்போக்கு எதுவும் வந்ததில்லை. இப்போது பார்க்கும் டாக்டர் ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "பிளேட்லெட் எல்லாம் பெரிசு பெரிசா இருக்கும்மா. செல்லுக்குள்ளே மைக்ரோடியூபுல்னு ஒண்ணு இருக்கு, அது சம்பந்தப்பட்ட மரபணுவில் மாற்றம் இருக்கலாம்" என்றார். ரத்தம் உறைவதற்கும் அந்தக் குழாய்க்கும் என்ன சம்பந்தம்? இது என்னிடமிருந்து வந்ததா? மண்ணீரலை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அவள் பள்ளியின் கோகோ அணியில் இருக்கிறாள். விளையாட விடலாமா?

ஒரு வாசகி, தாராபுரம்

பதில்:

மண்ணீரலை எடுக்கும் பேச்சை இப்போதே நிறுத்திவையுங்கள். ஏன் என்று விளக்கப் போனால் உங்கள் முதல் கேள்விக்கும் அதிலேயே பதில் வந்துவிடும்.

ரத்தத்தில் ஓடும் தட்டணு, அதாவது பிளேட்லெட், ஏழு முதல் பத்து நாள்தான் இருக்கும். பழையவை அழிய அழியப் புதியவை வந்து சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் அழிவு கூடியிருக்கலாம், அல்லது உற்பத்தி குறைந்திருக்கலாம். ஐ.டி.பி.யில் முதன்மையானது அழிவு. உடலின் எதிர்ப்புப் புரதங்கள் தட்டணுக்களின் மேல் போய் ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டப்பட்டவற்றை மண்ணீரல் பிடித்து அழிக்கிறது. அதனால்தான் அங்கே ஸ்டீராய்டு வேலை செய்கிறது, சிலருக்கு மண்ணீரலை எடுப்பதும் பலன் தருகிறது. உங்கள் மகளுக்கோ எட்டு வருடமாக எண்ணிக்கை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஸ்டீராய்டுக்கு அசையவே இல்லை. போதாததற்குத் தட்டணுக்கள் உருவத்தில் பெரியவை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், தட்டணுக்கள் உண்டாகும் இடத்தில்தான் கோளாறைத் தேடத் தோன்றுகிறது. உங்கள் டாக்டரும் அங்கேதான் தேடுகிறார். சரியான வழியில் போகிறார்.

தட்டணுக்கள் ரத்தத்தில் தனி வகை என்பதையும், ரத்தப்போக்கை நிறுத்துவது அவைதான் என்பதையும் 1882-ல் இத்தாலியின் டூரின் நகரில் ஜூலியோ பிட்ஸோசெரோ நிறுவினார். அவை எங்கிருந்து வருகின்றன என்பதற்கு 1906-ல் பாஸ்டனில் ஜேம்ஸ் ஹோமர் ரைட் பதில் கண்டார். எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்ற ராட்சத செல் இருக்கிறது. அதன் உடலிலிருந்து பிய்ந்து வரும் துண்டுகளே தட்டணுக்கள் என்றார் அவர். சிவப்பணுவின் குறுக்களவு 7 அல்லது 8 மைக்ரான். இந்தத் தாய் செல் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். மஜ்ஜையில் உள்ள ஆயிரம் செல்களில் ஒன்றுகூட இந்த வகையாக இருக்காது. ஆனாலும் நம் உடலுக்கு நாளொன்றுக்கு வேண்டிய சுமார் 10,000 கோடி தட்டணுக்களை இவைதான் தருகின்றன. ஒரு தாய் செல்லிலிருந்து ஆயிரம் முதல் மூவாயிரம் வரை பிறக்கும். பிறந்ததும் தாயின் கதை முடிந்துவிடுகிறது. உள்கரு மட்டும் எஞ்சிச் சிதைகிறது.

இத்தனை பிள்ளைகளுக்குத் தேவையானதை அந்தச் செல் முன்கூட்டியே சேர்த்து வைக்கிறது. மற்ற செல்கள் டி.என்.ஏ.வைப் பிரதி எடுத்ததும் இரண்டாகப் பிரியும். இது பிரதி எடுக்கும், பிரியாது, திரும்பவும் எடுக்கும். இரண்டு தொகுதி இருக்க வேண்டிய இடத்தில் 16, 32, சில சமயம் 64 தொகுதிகள்கூடச் சேர்ந்துவிடும். செல்லின் வெளிச்சவ்வு உள்நோக்கி மடிந்து மடிந்து வயிறு முழுக்க நிறைகிறது. நாளைக்கு ஆயிரக்கணக்கான தட்டணுக்களுக்கு மேல்தோல் வேண்டுமே, அதற்கான சேமிப்பு அது. உறைதலுக்கு வேண்டிய புரதங்கள் அடைத்த சிறு பைகளும் இந்தக் கட்டத்தில்தான் உருவாகின்றன.

அடுத்து வருவதுதான் நீங்கள் கேட்ட நுண்குழல், உங்கள் டாக்டர் சொன்ன மைக்ரோடியூபுல். டியூபுலின் என்ற புரதத்தின் மணிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, வரிசையாகக் கோத்து, 25 நானோமீட்டர் தடிமனுள்ள உள்ளீடற்ற குழலாக நீள்கின்றன. நம் உடலின் அநேகமாக எல்லாச் செல்களிலும் இவை உண்டு. செல்லுக்குள் சரக்கு நகர்வது இவற்றின் மேல்தான். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுப்பதும் இவையே. மெகாகேரியோசைட்டுக்குப் பிரிகிற வேலை இல்லை. முதிர்ந்ததும் அதன் நுண்குழல்கள் செல்லின் நடுப்பகுதியை விட்டு விளிம்புக்குப் போய், சவ்வுக்கு அடியில் தடித்த கற்றைகளாகச் சேர்கின்றன. பிறகு செல்லின் ஒரு பக்கம் மெல்லப் பிதுங்கத் தொடங்கும்.

வளர்ப்புத் தட்டில் எலியின் மெகாகேரியோசைட் இதைச் செய்வதை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உருண்டையாக இருந்த செல்லிலிருந்து ஒரு தடித்த கை நீள்கிறது. நீள நீள மெலிகிறது. இடையிடையே புடைப்புகள் தோன்றுகின்றன. அங்கங்கே வளைந்து, வளைந்த இடத்திலிருந்து கிளை விடுகிறது. நான்கு முதல் பத்து மணி நேரத்தில் அந்தச் செல் முழுவதுமே மெல்லிய, கிளைத்த இழைகளாக மாறிவிடும். இந்த இழைகளுக்குப் புரோபிளேட்லெட் என்று பெயர். நுண்குழல்களைக் கலைக்கும் மருந்தை முதலிலேயே சேர்த்துவிட்டால் ஒரு இழைகூடப் புறப்படாது. தாய் செல் எல்லாச் சேமிப்பையும் வயிற்றில் வைத்துக்கொண்டு உருண்டையாகவே கிடக்கும்.

இழை எப்படி நீள்கிறது என்பதில் ஒரு புதிர் இருந்தது. குழல்களின் நுனியில் புதிய டியூபுலின் சேரச் சேர அவை நீண்டு, சவ்வை வெளியே தள்ளுகின்றன என்றுதான் யாருக்கும் தோன்றும். பாஸ்டனில் ஜோசப் இட்டாலியானோ, ஜான் ஹார்ட்விக் குழுவினர் 2005-ல் அதைச் சோதித்தார்கள். ஒளிரும் புரதத்தைக் கொண்டு குழல் நுனிகளைப் பின்தொடர்ந்தார்கள். குழல்கள் நிமிடத்துக்குப் பத்து மைக்ரான் வேகத்தில் வளர்ந்தன. இழையோ நிமிடத்துக்கு ஒரு மைக்ரான்கூட நீளவில்லை. பிறகு புதிய டியூபுலின் சேருவதை மருந்தால் நிறுத்திப் பார்த்தார்கள். அப்போதும் இழை நீண்டுகொண்டே போனது. விடை, குழல்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதில் இருந்தது. பெயின்டர்கள் கொண்டுவரும் இரட்டை ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு படியும் சேர்க்காமலே, ஒரு பாதியை இன்னொன்றின் மேல் நகர்த்தினால் ஏணி உயர்ந்துவிடுகிறது அல்லவா? அதுபோலத்தான். நகர்த்தும் வேலையை டைனீன் என்ற மோட்டார் புரதம் செய்கிறது. உயிருள்ள எலியின் மஜ்ஜையில் இதனோடு ரத்த ஓட்டத்தின் இழுப்பும் சேர்ந்துகொள்கிறது. அங்கே இழைகள் ரத்த நாளத்தின் சுவரை ஊடுருவி நேரே ஓட்டத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்பதை 2007-ல் நேரடியாகப் படம் பிடித்தார்கள்.

இழையின் நுனிதான் இதில் முக்கியமான இடம். அங்கே நுண்குழல் கற்றை முட்டி நிற்பதில்லை. வளைந்து, திரும்பவும் இழைக்குள்ளேயே நுழைகிறது. இந்த வளைவுதான் பின்னால் தட்டணுவின் வட்ட வடிவத்தைத் தீர்மானிக்கப் போகிறது. தட்டணுக்கள் முழுமையாக உருவாவது இந்த நுனிகளில்தான் என்று அதே பாஸ்டன் குழு 1999-ல் காட்டியிருந்தது. இழை ஏன் இத்தனை கிளைகள் விடுகிறது என்பது அதிலிருந்து விளங்கும்: கிளை கூடினால் நுனி கூடும், நுனி கூடினால் தட்டணு கூடும். உறைதல் புரதங்கள் அடைத்த பைகளும் மைட்டோகாண்ட்ரியாக்களும் இதே குழல்களின் மேல் ஊர்ந்துதான் நுனிக்கு வந்து சேர்கின்றன.

ரத்தத்தில் முதலில் விழுபவை பெரும்பாலும் முடிக்கப்படாத பெரிய துண்டுகள். சிலவற்றின் அளவு பத்து மைக்ரான் வரை இருக்கும். உள்ளே வட்டமாகச் சுருண்ட நுண்குழல் கற்றை முறுக்கிக்கொள்ள, துண்டு நடுவில் ஒடுங்கி, இரு முனையும் பருத்து, கடைசியில் இரண்டாகப் பிரிகிறது. இப்படிப் பிரிந்து பிரிந்துதான் 2, 3 மைக்ரான் அளவுள்ள தட்டணு கிடைக்கிறது. எலிகளில் இந்தப் பிரிவினையில் பெரும் பங்கு நுரையீரலின் மெல்லிய நாளங்களில் நடக்கிறது என்று 2017-ல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு ஆய்வு வந்து எங்கள் துறையையே திரும்பிப் பார்க்க வைத்தது. எப்படியாயினும், தட்டணு எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதில் நுண்குழல் வளையத்தின் கை பெரிது. அது பலவீனமானால் துண்டுகள் ஒழுங்காகப் பிரியாது. அப்போது எண்ணிக்கை குறையும், ஒவ்வொன்றும் பெரிதாக இருக்கும். உங்கள் மகளின் ஸ்லைடில் டாக்டர் கண்டதும் இதுதான்.

பிறந்த பிறகும் அந்த வளையம் தட்டணுவை விட்டுப் போவதில்லை. விளிம்பை ஒட்டி எட்டு முதல் பன்னிரண்டு சுற்று சுருண்டு, அதைத் தட்டையாக வைத்திருக்கிறது. ரத்த வங்கிக்குப் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நல்ல தட்டணுப் பையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெல்ல அசைத்தால், உள்ளே பட்டுத்துணி மடிப்பு நகர்வது போல ஒரு மினுமினுப்பு சுழலும். தட்டையான அணுக்கள் ஓட்டத்தோடு திரும்பும்போது ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அது. ஊழியர்கள் பையை வெளியே கொடுக்கும் முன் இதைத்தான் பார்ப்பார்கள். அதே பையைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் நுண்குழல்கள் குளிரில் கலைந்து, தட்டணுக்கள் உருண்டையாகி, மினுமினுப்பு போய்விடும். குளிர்ந்த தட்டணுக்களை உடலில் ஏற்றினால் வெகு விரைவில் ரத்தத்திலிருந்து நீக்கப்பட்டும்விடும். அதனால்தான் வழக்கமாக ரத்த வங்கிகள் அவற்றை 20 முதல் 24 டிகிரியில், இடைவிடாமல் ஆட்டும் தட்டுகளில், ஐந்தே நாள் வைத்திருக்கின்றன.

இப்போது மரபணுவுக்கு வருகிறேன். டியூபுலினில் பல வகை உண்டு. அவற்றில் பீட்டா-1 என்ற வகை பெரும்பாலும் மெகாகேரியோசைட்டுக்கும் தட்டணுவுக்கும் மட்டுமே உரியது. அதற்கான மரபணுவின் பெயர் டி.யு.பி.பி.1. இந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளை 2001-ல் ஆராய்ந்தபோது, தட்டணு எண்ணிக்கை பாதிக்கும் கீழே இருந்தது. விளிம்பு வளையத்தில் சுற்றுகள் குறைந்து, அணுக்கள் தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருந்தன. அதற்கு முன், 1995-ல், இந்த மரபணுவையும் வேறு சிலவற்றையும் இயக்கும் என்.எஃப்-ஈ2 என்ற புரதம் இல்லாத எலிகளில் நடந்தது இன்னும் தெளிவானது. மஜ்ஜை நிறையத் தாய் செல்கள், ரத்தத்திலோ தட்டணுவே இல்லை. கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் என்ற நாய் இனத்தில் பலவற்றுக்குப் பரம்பரையாகவே எண்ணிக்கை குறைவு, உருவம் பெரிது. காரணம் இதே மரபணுவின் மாற்றம் என்று 2008-ல் தெரிந்தது. அந்த நாய்கள் ரத்தப்போக்கு ஏதுமின்றி நலமாகத் திரிகின்றன. மனிதர்களில் இந்த மரபணு மாற்றத்தால் வரும் எண்ணிக்கைக் குறைவு 2009-ல் பதிவானது. இதுவரை தெரிந்த குடும்பங்களில் பெரும்பாலும் ரத்தப்போக்கு லேசானது, அல்லது இல்லவே இல்லை. ஒவ்வொரு தட்டணுவும் பெரியது என்பதால் மொத்தப் பலம் எண்ணிக்கை குறைந்த அளவுக்குக் குறைந்துவிடுவதில்லை.

எண்ணிக்கையிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. பல லேப்களில் உள்ள கவுண்டர் இயந்திரம் அளவை வைத்துத்தான் செல்களைப் பிரித்து எண்ணும். மிகப் பெரிய தட்டணுக்களைச் சிவப்பணுக் கணக்கில் சேர்த்துவிடும். ஆகவே உங்கள் மகளின் உண்மையான எண்ணிக்கை ரிப்போர்ட்டில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. எண் குறைவாக வரும் ஒவ்வொரு குழந்தைக்கும், மாத்திரை எழுதும் முன் ஒருவர் ஸ்லைடை நுண்ணோக்கியில் பார்த்தே ஆக வேண்டும். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இப்போது அவள் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

தாராபுரம் என்று பார்த்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் பக்கத்திலும் மூலனூரிலும் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், விதைக்காகப் பயிராகிறது. அந்த விதையிலிருந்து எடுக்கும் கோல்கிசின் டியூபுலினைப் பிடித்துக்கொண்டு நுண்குழல்களை உருவாக விடாமல் தடுக்கும் பொருள். நுண்குழல் பற்றி நாம் இன்று அறிந்ததில் பெரும்பகுதி அதைக் கொண்டு கற்றதுதான். மூட்டுவாத வலிக்கு மிகக் குறைந்த அளவில் அது நல்ல மருந்து. அளவு மீறி உடலில் சேர்ந்தால் மஜ்ஜையையே முடக்கி உயிரைப் பறிக்கும். கிழங்கோ விதையோ வீட்டில் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி இருக்கக் கூடாது. உங்கள் மகளுக்கு மட்டும் அல்ல, எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்.

இது உங்களிடமிருந்து வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வகை மாற்றம் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், வெளிப்பட்டுவிடும். நீங்களும் உங்கள் கணவரும் ஆளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, ஸ்லைடையும் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும். யாருக்காவது இதேபோல் இருந்தால் பாதி விடை கிடைத்துவிடும், ஐ.டி.பி. என்ற சந்தேகமும் பெருமளவு நீங்கும். இதில் யார் மேலும் குற்றம் இல்லை. இப்படிப்பட்டவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர் எந்தக் குறையும் தெரியாமல் வாழ்கிறார்கள். மேற்கு வங்கத்தைச் சேர்ந்த ரத்த தானம் செய்பவர்களிடம், நல்ல ஆரோக்கியத்தோடு, குறைந்த எண்ணிக்கையும் பெரிய தட்டணுக்களும் இருப்பதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2002-ல் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் பெரிய தட்டணு என்றாலே டி.யு.பி.பி.1 என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எம்.ஒய்.எச்.9 என்ற மரபணுவிலும் மாற்றம் இருக்கலாம். அது நாள்பட நாள்படக் காது, சிறுநீரகம், கண் ஆகியவற்றையும் பாதிக்கக்கூடும். பெர்னார்ட்-சூலியே என்ற இன்னொரு வகையில் ரத்தப்போக்கு அதிகம். ஆகவே மரபணுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அது வருவதற்குள் காது கேட்கும் திறன், சிறுநீரில் புரதம், கண் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம். டி.யு.பி.பி.1 என்றே உறுதியானால் தைராய்டையும் பார்க்க வேண்டும். சில குடும்பங்களில் அந்தச் சுரப்பியின் வளர்ச்சியிலும் குறை இருப்பது 2018-ல் தெரியவந்தது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் வேண்டாம். பல் பிடுங்கும் முன்னும், எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். "எப்போதும் 60 முதல் 80 ஆயிரம், பெரிய தட்டணுக்கள்" என்று டாக்டரிடம் எழுதி வாங்கி அவளுடைய பையில் வையுங்கள். அடுத்த காய்ச்சலில் யாராவது அந்த எண்ணைப் பார்த்து டெங்கு என்று பதறினால் அந்தச் சீட்டு உதவும். பப்பாளி இலைச் சாறு கொடு என்று சொல்பவர்கள் இருப்பார்கள். மரபணுவில் உள்ள மாற்றத்தை எந்தச் சாறும் சரிசெய்யாது. மாதவிடாய் தொடங்கியிருந்தால், நாப்கின் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே நனைந்துபோகிறதா, ஏழு நாளைத் தாண்டுகிறதா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் அதைக் கட்டுப்படுத்த நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. கூச்சப்பட்டு அவள் மறைக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

கோகோ விளையாடட்டும். இந்த எண்ணிக்கையில், இதுவரை ரத்தப்போக்கே வராத ஒரு பிள்ளையை மைதானத்திலிருந்து இழுத்து வர எனக்கு மனமில்லை. முழங்கால் சிராய்க்கும், கன்றும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கபடி, குத்துச்சண்டை போன்ற மோதல் ஆட்டங்களுக்கு மாற விரும்பினால் மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த ஆட்டமானாலும் தலையில் பலமாக அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும், அப்போதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். உடற்பயிற்சி ஆசிரியரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.